பிரிவுக்கு ஓர் இடம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசும்போது இதென்ன திடீரென்று கடிதம் என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், குட்டி வந்து போனைப் பிடுங்குவான், கடைசியில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதோடு முடிந்துவிடும். உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உன் வேலையைப் பற்றியது, அங்கே பார்க்கிற வேலை இல்லை, இங்கே விட்டுவிட்டுப் போன வேலை. நேராகச் சொல்ல எனக்கு வராது, சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொண்டு படி.

முதலில் அப்பா. இடது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று சொல்லியிருந்தேன் இல்லையா, ஆபரேஷனுக்கு எழுதிக்கொடுத்த தேதி வந்து போய்விட்டது. செலவைக் குறைக்க நம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறையை வாரத்தில் பாதி நாள் பூட்டிவைக்கிறார்கள், அதனால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. இத்தனை வருஷம் அங்கே வேலை பார்க்கிறீர்கள், வீட்டுக்காரருக்கு ஒரு தேதி வாங்கித்தர முடியவில்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். வரிசையில் முன்னால் இருப்பவர்களுக்கும் வீட்டில் யாரோ இருப்பார்களே என்று நான் தேதி கேட்கவில்லை. அப்பா இதற்கெல்லாம் அசரவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு பேப்பர் படிக்கிறார், நாட்டு நடப்பு பாதி தெரிஞ்சா போதும், மீதியும் தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம் என்கிறார். மாடிப்படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியை விடுவதில்லை. சின்னவள் புது வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், வீட்டில் இருக்கும் நேரமும் லேப்டாப்பில்தான் முகம், சாப்பிடக் கூப்பிட்டால் மீட்டிங்ல இருக்கேன் என்று கையால் விரட்டுகிறாள். என்னை வார்டில்கூட இப்படி யாரும் விரட்டியதில்லை.

இனி ஆஸ்பத்திரி. நீ இருந்தபோதே ஆண்டுக் கடைசியில் அரசாங்கப் பணம் பற்றாமல் இழுபறியாகத்தான் இருக்கும், உனக்குத் தெரியும். இப்போது அந்தப் பள்ளம் ரொம்பப் பெரிதாகிவிட்டதாம். இந்த ஆண்டுக்குள் பற்றாக்குறையைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆண்டுப் பணத்தில் கை வைப்போம் என்று மேலிடத்து உத்தரவு, அதற்கென்றே ஒரு கணக்கு அதிகாரியையும் அனுப்பிவிட்டார்கள். வந்த வாரமே அவருக்குக் கத்திரி என்று பேர் வைத்தாயிற்று. ஆனால் ஆளைப் பார்த்தால் கத்திரி மாதிரியே இருக்காது, லிஃப்டில் ஏறினால்கூட அடுத்தவருக்கு இடம் விட்டு ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்பார். முதலில் அந்த லிஃப்டுகளில் ஒன்றைத்தான் நிறுத்தினார். அப்புறம் வராந்தாவில் ஒன்றுவிட்டு ஒரு விளக்கு, அப்புறம் கையுறைப் பெட்டிக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில், ஆஸ்பத்திரிக்காரி என்று தெரியாதவர்கள் பார்த்தால் பெரிய வீட்டு மருமகள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் டயாலிசிஸ் நடுவில் கொடுக்கிற பாலும் பிஸ்கட்டும் நின்றது. கடைசியில் போர்வை.

சலவைச் செலவு குறையட்டும் என்று நம் டயாலிசிஸ் பிரிவில் போர்வை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மணிக்கணக்கில் ரத்தம் வெளியே போய் மெஷினில் சுற்றித் திரும்பும்போது எப்படிக் குளிரும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது எல்லாரும் வீட்டிலிருந்தே போர்வை கொண்டுவருகிறார்கள். பூப்போட்டது, கோடு போட்டது, ஓரம் பிரிந்தது என்று விதவிதமாக இருக்கிறது, சாயங்காலம் வருகிற தையல்காரர் தன் கடையில் மிஞ்சிய துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தானே ஒன்று தைத்துக்கொண்டார், அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். பஸ் டிரைவர் தன் பெண்ணின் முயல் பொம்மை போட்ட இளஞ்சிவப்புப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அந்தப் பெரிய மீசையோடு படுத்திருப்பதைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு அடங்காது. எனக்கும் முதல் நாள் சிரிப்பு வந்தது, இப்போது பழகிவிட்டது. யார் வீட்டில் துவைக்க ஆள் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்பதுகூட எனக்குப் பார்த்ததும் தெரிகிறது. தெரிந்து ஒன்றும் செய்ய முடியாது, தெரிகிறது அவ்வளவுதான்.

ஜன்னலோரத்து மெஷினை இன்னும் உன் மெஷின் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு டெக்னீஷியன் மெஷினை இன்னொருவர் கேட்காமல் தொடக்கூடாது என்று ஆரம்பத்திலிருந்தே நம் பிரிவில் ஒரு பழக்கம் இருக்கிறதே, எந்த உத்தரவிலும் இல்லாதது, அதனால்தானோ என்னவோ அதை மட்டும் யாரும் மீறுவதில்லை. நீ போய் இவ்வளவு காலம் ஆகியும் சாயங்கால டெக்னீஷியன் தினமும் என்னிடம் வந்து, சிஸ்டர், அக்கா மெஷின்ல இவரைப் போட்டுக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். உனக்குப் பதிலாக நான்தான் தலையாட்டுகிறேன். அவருக்குப் போன மாதம் இரண்டாவது பெண் பிறந்தது, கண்கள் சிவந்து தூக்கம் இல்லாமல் வருகிறார், ஆனால் ஊசி குத்துவதில் ஒரு நாளும் கை நடுங்கியதில்லை.

போன வாரம் அடுத்த உத்தரவு வந்தது. பிரிவுக்கு ஓர் இடம் சரண்டர் செய்ய வேண்டும், அந்த வேலையே இனி இருக்காது, எந்த இடம் என்று அந்தந்தப் பிரிவின் பொறுப்பில் இருப்பவரே கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நம் பிரிவுக்கு நான். நர்ஸ்களில் கை வைக்க முடியாது, இருப்பதே பற்றவில்லை. டெக்னீஷியன் இடம் நம்மிடம் மூன்று. காலையில் இருக்கும் பெரியவர், சாயங்காலத்தில் இருக்கும் இவர், சம்பளமில்லாத விடுப்பில் வெளிநாடு போயிருக்கும் நீ. காலை ஆள் இல்லாமல் கதவையே திறக்க முடியாது. சாயங்கால ஆளைக் கொடுத்தால் சாயங்கால ஷிப்டை மூட வேண்டும். அதில் வருகிறவர்கள் எல்லாம் பகலில் வேலைக்குப் போய் வீட்டைக் காப்பாற்றுகிறவர்கள், டிரைவர், தையல்காரர், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். பகலில் வா என்றால் வேலையை விட வேண்டும், விட்டுவிட்டு வந்தாலும் பகலில் படுக்கை காலி இல்லை. டயாலிசிஸுக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்று உனக்கு எழுதிக் காட்டத் தேவையில்லை.

நான் நேராகக் கத்திரியிடம் போனேன். மூன்றில் எதையும் எடுக்கக்கூடாது, என் பெண் லீவில் இருக்கிறாள், அவளுக்கு ஒரு பைசாகூடச் சம்பளம் போகவில்லை, அந்த இடத்தை எடுத்தால் உங்களுக்கு என்ன மிச்சமாகப்போகிறது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தெரியும் சிஸ்டர், ஆனா வருஷா வருஷம் பட்ஜெட்ல அந்த இடத்துக்கும் முழுச் சம்பளம் எழுதறோம், அதை அடிச்சா காகிதத்துல அவ்வளவும் மிச்சம்னு வரும், மேல கேக்கறது அந்த மிச்சத்தைத்தான் என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று பார்த்தேன், இரண்டும் வரவில்லை. யாருக்கும் கொடுக்காத சம்பளத்தை மிச்சம் பிடித்து நாங்கள் பற்றாக்குறையைக் குறைக்கப்போகிறோம். அவருக்கும் அது தெரிகிறது, மேலே இருப்பவர்களுக்கும் தெரியாமல் இருக்காது. கதவுவரை கூடவே வந்து, ஆனா சிஸ்டர், இது ஒரு தடவை போனா போனதுதான், நாளைக்கு அவங்க வந்து நின்னாலும் சேத்துக்க முடியாது, புது ஆள் எடுக்கறதை எல்லாம் நிறுத்தி வெச்சிருக்காங்க, வீட்ல கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்லுங்க என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம், திட்டவும் முடியவில்லை.

மறுநாள் கூட்டம். நீளமான மேஜை, எல்லாப் பிரிவுக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், ஃபேன் கூடப் பாதி வேகத்தில்தான் ஓடியது. என் முறை வந்தபோது சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிற டெக்னீஷியன் இடம் என்றேன். பெரிய டாக்டர் நிமிர்ந்து பார்த்து, அது உங்க பொண்ணோட இடமாச்சே சிஸ்டர், திரும்பி வர்ற எண்ணம் ஏதாவது இருக்கா என்று கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை வாங்கியிருக்கிறோம், உள்ளே கொண்டுபோக வாசற்கதவையே கழற்ற வேண்டியதாயிற்று என்று போன மாதம் நீ சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. மூன்று பேர் இருக்கும் வீட்டில் எட்டுப் பேருக்கு மேஜை. கிளம்பி வர நினைக்கிறவள் அவ்வளவு கனத்தில் சாமான் வாங்கமாட்டாள். வரமாட்டா சார் என்றேன். நோயாளிக்கு எவ்வளவு பிரஷர் என்று கேட்டால் எந்தக் குரலில் சொல்வேனோ அதே குரலில்தான் வந்தது. எழுதிக்கொண்டார்கள். அடுத்தது எக்ஸ்ரே பிரிவு என்றார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமும் அந்தப் பிள்ளை வந்து, சிஸ்டர், அக்கா மெஷின்ல போட்டுக்கட்டுமா என்று கேட்டார். இனிமேல் கேட்க வேண்டாம் என்று சொல்ல நினைத்து, போடுங்க என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விட்டேன். ஷிப்ட் தப்பித்தது அவருக்கும் தெரியாது, படுத்திருந்தவர்களுக்கும் தெரியாது. டிரைவர் என்னைக் கூப்பிட்டு, பிஸ்கட்டை நிறுத்திட்டீங்களே சிஸ்டர், அரசாங்கம் நம்மளாலதான் நொடிச்சுப்போச்சா என்று குறை சொன்னார். கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சமைத்தேன், பாத்திரம் தேய்த்தேன், உன் அப்பாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். ஏன் ஒரு மாதிரி இருக்க என்று கேட்டார், அலுப்பு என்றேன். ஒரு வாரம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மரத்துப்போக ஊசி போட்ட இடம் மாதிரி இருக்கிறது, தொட்டால் தொடுவது தெரிகிறது, வலிதான் தெரியவில்லை. பெற்ற பெண்ணின் இடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு ஏதாவது தோன்ற வேண்டும் இல்லையா. அது தோன்றாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பாவுக்குத் தெரியாது. கடைத்தெருவில் யார் கேட்டாலும், லீவு முடிஞ்சா வந்துடுவா, வேலை அப்படியே இருக்கு என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கண் ஆபரேஷன் முடியட்டும், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ போனில் உளறிவிடாதே. சின்னவளிடமும் வேண்டாம், அவள் வாயில் எதுவும் நிற்காது. ஆபீஸிலிருந்து உனக்கு ஒரு கடிதம் வரும். நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு என்று ஆரம்பிக்கும், அப்படித்தான் எல்லாவற்றையும் ஆரம்பிப்பார்கள். அதில் என் பேச்சே இருக்காது, யாரோ முகம் தெரியாதவர்கள் செய்தது போல இருக்கும். நீ அப்படி நினைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் அதற்கு முன்னால் எழுதுகிறேன். செய்தது நான். திரும்ப அந்த அறையில் உட்காரவைத்துக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. வீட்டில் கேட்டுவிட்டு வரச் சொல்லி எனக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். உனக்கு அப்போது மதியச் சாப்பாட்டு நேரம், கூப்பிட்டிருந்தால் எடுத்திருப்பாய். போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன், கூப்பிடவில்லை. வேண்டாம்மா, நான் வந்துடறேன், என் இடத்தை வெச்சிரு என்று நீ சொல்லிவிட்டால் டிரைவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்ததாக உனக்கு எழுதலாம் என்று பார்த்தேன். அது உண்மை இல்லை. ஒரு நொடிகூட யோசிக்காமல், சரிம்மா, குடுத்துடு என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் பயந்தேன்.

குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, காலைச் சாப்பாட்டைத் தட்டிக்கழிக்காதே. குட்டியிடம் வீட்டில் நம் பேச்சு பேசு, மாப்பிள்ளையிடம் அதிகமாகக் கார் ஓட்ட வேண்டாம் என்று சொல். மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல், ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவுடைய ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இதைப் படித்துவிட்டுக் கோபம் வந்தால் அன்றைக்கே போன் பண்ணித் திட்டு. கோபம் வரவில்லையென்றால், கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் பண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா