உங்கள் புல் மட்டும் பச்சையாக இருந்தது

ஆன்ட்டி,

அன்றைக்குச் சந்துக்காரர்கள் கூடியபோது நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "ஆன்ட்டியோட குழாய் அடைச்சுத்தான் இருக்கு, நான் பாத்தேன்." இன்று காலை பக்கத்துக் காட்டேஜில் மழைக்கு வளர்ந்த புல்லை மெஷின் வைத்து வெட்டினார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியே வந்ததும் அந்த வாக்கியம் மறுபடி நாக்கு நுனியில் வந்து நின்றது.

சோலைக்குள் இருக்கும் ஊற்றுத் தொட்டியிலிருந்து நம் சந்தில் வீட்டுக்கொரு கறுப்புக் குழாய் வருகிறது. முறை வந்தால் மேலே போய் நம் குழாய் வாயில் செருகிய மரக்கட்டையைப் பிடுங்கிவிட வேண்டும். முறை முடிந்ததும் அடைத்துவிட வேண்டும். குடிக்க அந்தத் தண்ணீர்தான். கோடையில் புல்லுக்கு அதைத் தொடக்கூடாது என்று எல்லாருமாகப் பேசி வைத்திருந்தோம். இந்த வருஷம் தொட்டி இறங்க ஆரம்பித்ததும் ஆளுக்கு ஆள் அடுத்தவர் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏப்ரலில் சந்து முழுக்கப் புல் தேங்காய் நார் மாதிரிக் கிடந்தது. உங்கள் புல் மட்டும் பச்சையாக இருந்தது.

உங்கள் அவுட்ஹவுஸில் குடியிருந்த எனக்கே சந்தேகம்தான். உங்கள் முறை இல்லாத நாட்களில் உங்களுக்குத் தெரியாமல் ஏறிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கட்டை இறுக்கமாகவே இருந்தது.

நீங்கள் மட்டும் என்ன, யாரை நம்பினீர்கள்? பால்காரரை நம்பவில்லை, டூரிஸ்ட்டை நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. சாயங்காலம் என்னைப் புல்லின் மேல் நடக்கவிட்டுப் பின்னாலேயே குனிந்து பார்த்துக்கொண்டு வருவீர்கள். மிதித்த புல் நிமிர்ந்துவிட்டால் அதற்குத் தண்ணீர் கிடையாது. தடம் அப்படியே கிடந்தால் மறுநாள் வெள்ளனே அரிசி களைந்தது, காய்கறி கழுவியது, துணி அலசிய கடைசி வாளி, எல்லாம் அதற்குப் போகும். "தெனமும் கொஞ்சங் கொஞ்சமா ஊத்துனா வேரு மேலயே சொகமா கெடக்கும் புள்ள. ஒருக்கா நல்லா ஊத்திட்டு மறந்துரணும். கீழ தேடிப் போகட்டும்." மற்றவர்கள் ஒட்ட வெட்டியபோது நீங்கள் உயரமாக விட்டீர்கள். எப்போதாவது நுனியை வெட்டினாலும் அதை அங்கேயே போட்டுவிடுவீர்கள். தெரியாத தடம் ஒன்று கண்ணில் பட்டால் மட்டும், "இது யாரு செருப்பு? ஒன் வீட்டுக்கு யாரு வந்தா?"

கூட்டத்தில் அந்தப் பக்கத்துக் காட்டேஜை நடத்தும் சேகர் அண்ணன்தான் ஆரம்பித்தார். "கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி. எங்க புல்லெல்லாம் செத்துப்போச்சு. ஒங்களுக்கு மட்டும் தனியா மழை பெய்யுதா?"

"ஜெபம் பண்றேன் சேகரு. நீயும் ஒரு ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு வந்து பாரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உங்கள் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் என் முழங்கையைக் கிள்ளி, காதுக்குள் சொன்னீர்கள்: "சும்மா இரு. குடியிருக்கவ சாட்சி சொன்னா, அதுக்கு நான் வாடகையக் கொறச்சுட்டேன்னு பேசுவாங்க."

பிறகு சத்தமாக, "எடுக்க வேணாம். கட்டைய நீங்களே அடிச்சு இறுக்குங்க. மழை வர்ற வரைக்கும் நான் தொடல. புல்லு காஞ்சா நான் திருடி. காயலேன்னா, தொட்டித் தண்ணி எங்க போகுதுன்னு அப்பறம் பேசுவோம்."

சேகர் அண்ணனே சுத்தியலோடு மேலே போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டீர்கள்: "சீசன்ல அவன் ரூமெல்லாம் ரொம்பிக் கெடக்கு. அத்தன பேரு குளிக்கத் தண்ணி ஏது?"

"அங்கயே கேட்டிருக்கலாம்ல ஆன்ட்டி?"

"நான் பாக்கலயே."

அதன்பின் லாரித் தண்ணீர்தான் குடித்தோம். ஒவ்வொரு டம்ளரையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தீர்கள்.

மழைக்கு முன்பே, ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். பெட்டியைத் தூக்க முதல் ஆளாக வந்தவர் சேகர் அண்ணன்தான். அழுதார். அந்த அழுகையையும் நான் நம்பவில்லை. உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அதுதான். அதோடு, அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட மனம் வராத இந்தக் கையும். இன்னமும் சாயங்காலம் புல்லில் நடந்துவிட்டுத் திரும்பி என் தடத்தைப் பார்க்கிறேன்.

மழை வரும்வரை உங்கள் புல் காயவில்லை. உங்கள் குழாயை அடைத்த பிறகும் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை.