வலை கழன்ற மூன்று நாட்கள்

பாரிஸ் லா சப்பலில் நான் வேலை செய்யும் துணிக்கடைக்கு இன்று ஒரு பெண் வந்து, மகளின் கல்யாணத்துக்கென்று வெள்ளை வலைத்துணி கேட்டாள். அளந்து வெட்டும்போது கை நின்றுவிட்டது. ஆல்ப்ஸ் மலையில் பூக்களுக்கு நீ கட்டிய பைகளும் இந்தத் துணிதான்.

அந்தக் கோடையில் எனக்கு வேலை இல்லை. பள்ளிக்கூடச் சிநேகிதி என்று உன் ஆராய்ச்சிக்கு உதவியாக என்னைக் கூட்டிப்போனாய். ஊதாப் பூக்களில் பாதியைத் திறந்தபடி விட்டாய். மீதியை, பூச்சி தொடாதபடி, மொட்டிலேயே வலைப்பையால் மூடினாய். பூச்சி வராவிட்டால் விதை பிடிக்குமா என்பதே உன் கேள்வி. "இந்தக் குளிருக்குள்ளை ஈதான் இதுகளுக்குத் தேனீ" என்றாய்.

பிறகு மூன்று நாள் வேலையாகக் கீழே நகரத்துக்குப் போனாய். "ஒவ்வொரு நாளும் போய்ப் பார். வலை கழண்டிருந்தா எழுதி வை, அந்தப் பூவைக் கணக்கில எடுக்கேலாது."

நான் போகவில்லை. காற்றுக்கும் குளிருக்கும் பயந்து குடிலுக்குள் போர்த்திக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் மாலை போனபோது பல பைகள் புல்லில் கிடந்தன. பூக்களுக்குள் ஈக்கள். அவற்றை விரட்டிவிட்டுப் பைகளைத் திரும்பக் கட்டினேன். குறிப்பேட்டில் மூன்று நாளுக்கும் 'சரி' என்று எழுதினேன்.

கோடை முடிவில், மூடிய பூக்களிலும் விதை நிறைந்திருந்ததைக் கண்டு நீ துள்ளினாய். பூச்சி இல்லாமலே விதை பிடிக்கிறது என்று ஆராய்ச்சிக் கூட்டத்தில் எல்லார் முன்னும் சொன்னாய். அடுத்த கோடையில் தனியாகப் போய்த் திரும்பச் செய்து பார்த்தாய். மூடிய பூக்களில் விதையே இல்லை.

"போன வருசம் ஒரு வலையும் கழலேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன், உன் முகத்தைப் பார்த்தபடி.

"அப்ப நான்தான் வடிவாக் கட்டேல்லைப் போல."

சொன்ன முடிவை அதே ஆட்கள் முன்னால் எழுந்து நின்று திரும்பப் பெற்றாய். அதன் பிறகுதான் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே எத்தனையோ தடவை இருந்தேன். ஒருமுறையும் உண்மையைச் சொல்லவில்லை.

போன ஞாயிறு கார்ஜ் புறநகரில் இருக்கும் உன் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "கடைசிவரைக்கும் தன்ர கைப்பிழை எண்டுதான் பிள்ளை சொன்னவள்" என்றார். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார். என்னால் குடிக்க முடியவில்லை.

உன் பேராசிரியருக்கும் எழுதினேன். அந்த ஆண்டின் குறிப்பில் திருத்தம் சேர்த்துவிட்டதாகப் பதில் வந்தது. உன் பெயரில் இருந்த பிழை இப்போது என் பெயரில் இருக்கிறது. உண்மையை உன்னிடம் சொல்ல, நீ உயிரோடிருந்தபோது எனக்கு இரண்டு வருடம் இருந்தது.