சீட்டு மேசையில் ஒரு ஜபக்காரர்

1978 மார்ச் 7, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. என்ன வேலை என்று ஊருக்கு எழுத முடியாது.

செவன் ஹில்ஸ் புறநகரில் அட்டைப்பெட்டி கம்பெனியை மூடியதிலிருந்து சும்மா இருந்தேன். நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் சூதாட்ட கிளப் இருக்கிறது, தட்டுக் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று பக்கத்து அறைக்காரன் சொன்னான். போனேன். மானேஜர் கெவின் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தியனா? அப்படியானால் கணக்கு நன்றாக வருமே?" என்றார்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நான் வாங்கியது முப்பத்தாறு. அதுவும் வாத்தியார் போட்ட பிச்சை. கல்லூரியில் படித்தது சரித்திரம். "வரும்" என்று சொல்லிவிட்டேன். தட்டுக் கழுவுவது போய், பிளாக்ஜாக் மேசையில் சீட்டு எண்ணுகிறவர்களைக் கண்டுபிடிக்கும் உத்தியோகம் வந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை வேலை.

மார்ச் 8, புதன்

கெவின் பாடம் எடுத்தார். மேசைப் பக்கம் வெள்ளிக்கிழமையிலிருந்து போனால் போதுமாம். சின்னச் சீட்டுகள் நிறைய வெளியே போய்விட்டால் மிச்சச் சீட்டுக்கட்டில் பெரிய சீட்டுகள் அதிகம். அப்போது ஆடுகிறவனுக்கு யோகம். எண்ணுகிறவன் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே இருந்து, அந்த நேரம் பார்த்துப் பந்தயத்தை ஏற்றுவான். இது குற்றமில்லையாம். ஆனால் கிளப் அனுமதிக்காது. கிளப்பையே சட்டம் அனுமதிக்கவில்லை என்பதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

அடையாளங்கள்: குடிக்க மாட்டான். பக்கத்து ஆளோடு பேச மாட்டான். உதடு அசையும். ஒவ்வொரு சீட்டையும் முறைப்பான். அத்தனையும் எனக்குப் பொருந்துகிறது. நல்லவேளை, நான் ஆடவில்லை.

ஆளைக் கண்டுபிடித்தால் சண்டை கூடாது. முதலில் கட்டைப் பாதியிலேயே கலைக்கச் சொல்வார்கள். அப்புறம் பணிப்பெண் தவறுதலாக அவன் மடியில் பீரைக் கொட்டுவாள். அதற்கும் அசையாவிட்டால் கெவின் தோளில் கைபோட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்.

சாப்பாடு இலவசம். இறால், பன்றி, மாடு. நான் ரொட்டியும் டின் பீட்ரூட்டும் தின்றேன். கை இரண்டும் சிவப்பு.

மார்ச் 10, வெள்ளி

உதடு அசைந்த ஒருவரைக் காட்டினேன். மடியில் பீரும் கொட்டியாயிற்று. பாவம், எண்ணவே இல்லை. புதுப் பல்செட்.

மார்ச் 12, ஞாயிறு

டூங்கபிக்கு ரயிலேறினேன். வாரத்தில் நான் மனுஷனாக இருப்பது இந்த ஒரு நாள்தான். கதிர்காமநாதன் அண்ணா ரயில்வேயில் இன்ஜினியர். ஒருநாள் ஸ்டேஷனில் நான் தமிழில் என்னையே திட்டிக்கொண்டு நிற்பதைக் கேட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனவர். அவர் மனைவி யோகா அக்கா எனக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் சமைப்பதை நிறுத்திவிட்டார். அக்கா வைக்கிற தேங்காய்ப்பால் சொதிக்கு என் சொத்தை எழுதிவைக்கலாம். சொத்து இல்லாததால் தப்பித்தேன்.

சாப்பிட்டதும் முன்னூற்றிநாலு ஆடினோம். யாழ்ப்பாணத்தார் சீட்டாட்டம். அண்ணாவுக்கு யார் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. மேசைக்குக் கீழே அவர் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் அப்பா ஜபம் பண்ணும்போது இப்படித்தான் கணு எண்ணுவார்.

கிளப் வேலையை மட்டும் சொல்லவில்லை. "ஆபீஸ் வேலை" என்றேன்.

மார்ச் 16, வியாழன்

பெருமாளே. மத்தியானம் கிளப் கதவைத் திறந்துகொண்டு வந்தது யார்? கதிர் அண்ணா. கோட்டு, டை, நெற்றியில் அக்கா பூசிவிடும் விபூதி. வியாழக்கிழமை அவருக்கு லீவு. அக்கா ஆஸ்பத்திரி வேலையில் இருப்பார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவரும் அதே சுவரைப் பார்த்தார்.

மூன்றாம் மேசையில் உட்கார்ந்தார். உதடு அசையவில்லை. பக்கத்துக் கிழவியோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஆடினார். பீர்கூட வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. யாரும் சந்தேகப்படவே மாட்டார்கள். ஆனால் மேசைக்குக் கீழே கட்டைவிரல்! சின்னச் சீட்டு விழுந்தால் கணுவில் முன்னால் ஒரு அடி, பெரிய சீட்டு விழுந்தால் பின்னால் ஒரு அடி. ஜபத்தில் விரல் பின்னால் போகாது.

நிறைய ஜெயித்தார். நான் எதையும் பார்க்கவில்லை. சம்பளம் வாங்குவது பார்ப்பதற்கு.

மார்ச் 19, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அக்கா குசினியில் இருந்த நேரம், "என்னண்ணா, அந்த விரலு?" என்று மெதுவாக.

அதற்குள் அக்கா சொதிச் சட்டியோடு வந்துவிட்டார். "என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறியள்?"

அண்ணாவுக்கு முகம் வெளிறிப்போயிற்று. "ஒண்டுமில்லை யோகா. நான் ஏன் விரல் மடக்கிறனான் எண்டு தம்பி கேக்கிறார். ஜெபம் செய்யிறனான். சரவணபவ. நூத்தியெட்டுத் தரம்."

அக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில இண்டைக்குத்தான் உங்கட வாயில முருகன்ர பேர் வந்திருக்கு." கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்குக் கூடுதலாக ஒரு பிட்டு.

மார்ச் 21, செவ்வாய்

வியாழக்கிழமைகளில் மூன்றாம் மேசை அடிவாங்குகிறது என்று கெவின் கண்டுபிடித்துவிட்டார். நாளை மறுநாள் என் பக்கத்திலேயே நிற்கப் போகிறாராம். "ஆளைக் காட்டு. இல்லையென்றால் நீ கிளம்பலாம்."

காட்டினால் டூங்கபி போச்சு. காட்டாவிட்டால் வேலை போச்சு. வாடகையா, சொதியா? வேலை இன்னொன்று தேடலாம் என்கிறது புத்தி. போன தடவை தேடின லட்சணம் எனக்குத்தானே தெரியும்?

மார்ச் 23, வியாழன்

அண்ணா வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். புது டை கட்டிக்கொண்டு வந்தார்.

கெவின் என் தோளை ஒட்டி நின்றார். அரைமணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அவரே பார்த்துவிட்டார். "அந்த ஆள் கட்டைவிரலை என்ன செய்கிறான்?"

வாய் முந்திக்கொண்டது. "சாமி கும்பிடுறார் சார். எங்க பக்கத்து வழக்கம்."

தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். கெவின் முகம் சுண்டிப்போயிற்று. "கும்பிட்டுக்கொண்டா இத்தனை ஜெயிக்கிறான்?" அவருடைய அம்மா ஜெபமாலை உருட்டியே குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவளாம். "எண்ணுகிறவன் என்றால் கட்டைக் கலைத்துச் சமாளிப்பேன். இதற்கு எதைக் கலைப்பது?"

நேரே போய் அண்ணாவின் தோளில் கைபோட்டார். "ஐயா, மன்னிக்க வேண்டும். இங்கே பிரார்த்தனைக்கு அனுமதி இல்லை."

அண்ணா டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அய்யோ, காப்பாத்தத்தானே சொன்னேன். நான் ஏன் வாயைத் தொறந்தேன்? ஏன்டா?

மார்ச் 24, வெள்ளி

விடுதிக்கு போன் வந்தது.

"உம்மட நாக்கில சனியே இருந்தது? சீட்டு எண்ணினவன் எண்டு வெளியில போட்டிருந்தா ஒரு மரியாதை. நான் எத்தினை மாசம் பழகினனான் தெரியுமே? பக்தன் எண்டு போட்டிட்டாங்கள்."

"அண்ணா, நான் வந்து —"

வைத்துவிட்டார்.

மார்ச் 26, ஞாயிறு

ஈஸ்டர். கடையெல்லாம் மூடல். டூங்கபி போகத் தைரியமில்லை. ரொட்டி, பீட்ரூட்.

மார்ச் 30, வியாழன்

மூன்றாம் மேசை இன்று லாபம். அண்ணா வராததால்தான் என்று எனக்குத் தெரியும். கெவினுக்கு வேறு யோசனை. சீட்டு பார்க்கும் வேலை போதுமாம். நான் மூலையில் உட்கார்ந்து கிளப்புக்காக விரல் மடக்க வேண்டுமாம். சம்பள உயர்வு உண்டு. வயிற்றுப் பிழைப்புக்கு என்னவெல்லாம் வேஷம்!

உட்கார்ந்தேன். சூதாட்ட கிளப் ஜெயிக்கட்டும் என்று பெருமாளிடம் கேட்க வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேட்டேன். சொதிக்காக மட்டும் இல்லை. இந்த ஊரில் என்னை "தம்பி" என்று கூப்பிட வேறு யாரும் கிடையாது. அதை நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. கெவின் அதைப் பக்தி என்று நினைத்து விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

ஏப்ரல் 2, ஞாயிறு

போகவில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

காலையில் விடுதி வாசலில் கார் ஹாரன். எட்டிப் பார்த்தால் கதிர் அண்ணா. கண்ணாடியை இறக்கினார். சிரிக்கவில்லை.

"ஏறும்."

ஏறினேன். பரமட்டா தாண்டினோம். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"யோகா ஒவ்வொரு ஞாயிறும் என்னைப் படத்துக்கு முன்னால இருத்திப்போட்டு நிக்கிறாள். நூத்தியெட்டும் முடிஞ்சாத்தான் சாப்பாடு. ரெண்டு கிழமையாப் பிட்டு ஆறிப்போச்சு."

"என்னாலதானே அண்ணா."

"ஓம், உம்மாலதான். நீர் வந்தா அம்பத்துநாலோட விடுவாளாம். விருந்தாளிக்குப் பசிக்குமாம்." கியரை மாற்றிவிட்டு, "என்ன பார்க்கிறீர்? அதுக்குத்தான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

அக்கா கதவைத் திறந்து, "தம்பி மெலிஞ்சு போனீர்" என்றார். கிளப்பைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

முருகன் படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். குசினியிலிருந்து சொதி வாசனை வந்துகொண்டே இருந்தது. முப்பதுக்கு மேல் எங்கேயோ எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. கட்டைவிரல் எந்தக் கணுவில் இருக்கிறது என்று தெரியாமல் அப்படியே நிறுத்தினேன்.

அண்ணா கண்ணைத் திறக்காமல் மெதுவாகச் சொன்னார்: "நாப்பத்தொண்டு."

அங்கிருந்து தொடர்ந்தேன்.