யூனியன் ஸ்டேஷனில் நாம் நடத்திய குடித்தனம்

சொல்லாமல் கொள்ளாமல் போன என் அத்தானுக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் இருக்கிற இடத்தில் டூட்டியும் இல்லை, ஓவர்டைமும் இல்லை, சுகத்துக்கு என்ன குறைச்சல்? நான்தான் இங்கே துபாய் கிசைஸில் அதே கிளினிக்கில், அதே ஆறு பேர் அறையில், அதே மேல்கட்டிலில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். கீழ்க்கட்டில்காரி ஊருக்குப் போனாள், அந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். நேற்று வந்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். முட்டுவலியோடு ஏணி ஏறுகிறேன். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல? அறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு இயர்போன். பேச்சு மூச்சே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஜெனிஷா வந்துவிட்டாள், அத்தான். நர்சிங் முடித்து, பரீட்சை எழுதி, ஷார்ஜாவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாளே, அப்படியே உங்கள் நடை. ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டது போல அங்கேயும் இங்கேயும் பார்த்துக்கொண்டு. கட்டிப் பிடித்தேன். அவள் கை மட்டும் என் முதுகில் லேசாகப் பட்டது, அவ்வளவுதான். வளர்த்தது உங்கள் அக்கா. பெற்றது நான். அந்த இடைவெளி அந்தக் கையில் இருந்தது.

டாக்சியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியைக் கேளுங்கள்.

"ம்மா, நீயும் அப்பாவும் இருந்த வீடு எங்க இருக்கு? போற வழியா?"

அப்போது உங்கள்மேல் வந்த கோபத்துக்கு, நீங்கள் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியிருப்பேன். பொய்யைத் தொடங்கி வைத்தது யார்? "புருசனும் பொஞ்சாதியும் துபாய்லதான இருக்கிய, ஒரு வீடு எடுத்திருப்பிய?" என்று உங்கள் அக்கா கேட்டதற்கு, "ஆமாக்கா, ஒரு ரூமு எடுத்திருக்கோம்" என்று கூசாமல் சொன்னது நீங்கள்தானே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். இலையின் முன்னால் உட்கார்ந்திருப்பது நான்.

"தூரம் மக்ளே, இன்னொரு நாள் போவோம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் விடவில்லை. வாரா வாரம் கேட்டாள். "இப்ப யாரு குடியிருந்தாலும் பரவால்லம்மா. வெளிய நின்னு பாத்துட்டு வந்துருவோம்" என்றாள். வேறு எதைப் பற்றியும் என்னிடம் அவள் அவ்வளவு பேசவில்லை. சாப்பிட்டியா என்றால் ஆச்சு என்பாள். வேலை எப்படி என்றால் போகுது என்பாள். வீடு எங்கே என்பது ஒன்றுதான் எங்கள் பேச்சு. அதற்கும் நான் பதில் சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை என்னைவிட்டுப் போயே போய்விடும் என்று பயம் பிடித்துக்கொண்டது.

எந்த வீட்டைக் காட்ட, அத்தான்?

நீங்கள் ஜெபல் அலியில், தொழிலாளர் கேம்ப்பில். நான் கிசைஸில், பெண்கள் தங்குமிடத்தில். உங்கள் கேம்ப்புக்குள் நான் வரக்கூடாது, எங்கள் மாடிப்படியில் நீங்கள் கால் வைக்கக்கூடாது. ஃபேமிலி விசாவுக்கு உங்கள் சம்பளமும் எட்டவில்லை, வாடகைக்கு என் சம்பளமும் எட்டவில்லை. மெட்ரோ ரயிலின் சிவப்புக் கோட்டில் நீங்கள் வருவீர்கள், பச்சைக் கோட்டில் நான் வருவேன், இரண்டும் கட்டிக்கொள்கிற இடத்தில் பூமிக்கு அடியில் யூனியன் ஸ்டேஷன். கார்டு தட்டி வெளியே போகாமல் உள்ளேயே நின்றுகொண்டால் குளிருக்குக் குளிர், வெளிச்சத்துக்கு வெளிச்சம். வெளியே ஆகஸ்ட் மாத வெயிலில் ரோட்டுத் தார் இளகிக் கிடக்கும். பார்க்கில் உட்கார முடியுமா? மாலில் எத்தனை நேரம்தான் கடை கடையாகக் கண்ணாடியைப் பார்த்து நடப்பது?

"ஏட்டி அமலி, நம்ம வீட்டுக்கு எத்தன வாசல் பாத்தியா? எல்லாம் தானா தொறக்கு" என்பீர்கள். டிரைவர் இல்லாத ரயிலைக் காட்டி, "நம்ம குடும்பம் மாதிரி. யாரும் ஓட்டல, ஆனாலும் ஓடுது" என்பீர்கள். உங்கள் வாய் இருக்கிறதே வாய்!

நடைமேடைக் கோடியில் இருந்த பெஞ்சுதான் நம் படுக்கையறை. டூட்டி அலுப்பில் என் தோளில் சாய்ந்த மறுநிமிடம் உங்களுக்குக் குறட்டை வந்துவிடும். செக்யூரிட்டி வந்து, "பாய், சோனா மனா ஹை", இங்கே தூங்கக்கூடாது என்று எழுப்புவான். நீங்கள் எழுந்து, "சோனா நஹி பாய், பிரேயர்" என்று சிலுவை போட்டுக்கொள்வீர்கள். அந்த நேபாளிப் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொள்வான்.

சமையலறை மட்டும் நமக்குக் கிடையாது. ஸ்டேஷனுக்குள் எதையும் தின்னக் கூடாது. நான் கொண்டுவருகிற குழம்பை நீங்கள் கேம்ப்புக்குப் போய்த்தான் திறக்க வேண்டும். ஒரு தரம் நெத்திலிக் கருவாட்டை மூன்று கவர் போட்டுச் சுற்றிக் கொண்டுவந்தும் லிப்ட் முழுக்க மணத்துவிட்டது. எல்லோரும் ஒருவரை ஒருவர் முறைக்கிறார்கள், நான் மேலே பார்க்கிறேன். ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா மட்டும் மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தாள். அவளுக்கும் கடற்கரை ஊராகத்தான் இருக்கும்.

இன்னொரு நாள் பேச்சு சுவாரசியத்தில் மணிக்கணக்காக உள்ளேயே இருந்துவிட்டோம். வெளியே போகக் கார்டைத் தட்டினால் கேட் திறக்க மாட்டேன் என்கிறது. கவுண்டரில் இருந்த பெண், "இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள்?" என்று கேட்டாள். எங்கேயும் போகவில்லை என்றால் அவளுக்குப் புரியவில்லை. எங்கேயும் போகாமல் ஒருத்தன் ஏன் ரயில் ஸ்டேஷனுக்கு வருகிறான்? அவளுக்கு எப்படிப் புரியும்?

அந்த ஸ்டேஷனில்தான் அன்றைக்கும் காத்திருந்தேன். உங்களுக்குக் காலை ஷிப்ட், எனக்கும் காலை ஷிப்ட். சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லியிருந்தீர்கள். போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. தூங்கிவிட்டிருப்பார், வரட்டும், இன்றைக்கு நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு ரயிலாக வந்தது, கதவு திறந்தது, நீங்கள் இல்லை. அப்புறம் ஒரு ரயிலில் உங்கள் அறைக்காரர் முருகேசன் அண்ணன் இறங்கினார். ராமநாதபுரத்துக்காரர், எப்போதும் வேட்டைக்குப் போகிறவர் போல வேகமாக நடப்பார். அன்றைக்கு என்னைப் பார்த்த பிறகும் அங்கேயே நின்றார். பக்கத்தில் வரவில்லை.

"தங்கச்சி, மேல போயிருவோம். இங்க வேணாம்" என்றார்.

ஷிப்ட் முடிந்து கேம்ப்புக்கு வந்து, நெஞ்சு கரிக்கிறது, வாயுதான் என்று சொல்லிப் படுத்தவர்தானாம் நீங்கள், எழுந்திருக்கவே இல்லையாம். அவ்வளவுதான். எனக்கு அதற்குமேல் எழுத வரவில்லை.

அதற்குப் பிறகு நான் யூனியனில் இறங்கியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊத் மேத்தா மாதா கோவிலுக்குப் பூசைக்குப் போகும்போது ரயில் அந்த வழியாகத்தான் போகும். கதவு திறக்கும். நான் போனைப் பார்ப்பேன். கதவு மூடும். ஒவ்வொரு ஞாயிறும் நம் வாசலை நான் அப்படித்தான் கடந்து போனேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து திரும்பி வரும்போது ஜெனிஷா மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தரம் குரலில் சூடு இருந்தது.

"ஏம்மா, அந்த வீட்ட எனக்குக் காட்டக்கூடக் கூடாதா? அப்ப சேத்துக்கல, சரி. இப்பவுமா?"

அப்ப சேத்துக்கல. அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது. ரயில் யூனியனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்து எழுப்பினேன்.

"எறங்கு. வீடு வந்துட்டு" என்றேன்.

இறங்கினால் எனக்கே அடையாளம் தெரியவில்லை, அத்தான். நடைமேடையை விரித்திருக்கிறார்கள், எஸ்கலேட்டர்களைக் கூட்டியிருக்கிறார்கள். ஊருக்குள் நீலக் கோடு என்று புதிதாக ஒன்று வேறு போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். ஜனம் முன்னைவிட அதிகம். நம் பெஞ்சு இருந்த இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், இதுவா அதுவா என்று தெரியவில்லை. ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இதுதான்" என்றேன்.

அவள் சிரித்தாள். "என்னம்மா வெளையாடுற? எக்ஸிட் எந்தப் பக்கம்?"

"வெளையாடல மக்ளே. எக்ஸிட்லாம் கெடையாது. இதுதான் வீடு. அங்ஙன அப்பா வந்து எறங்குவாவ, இங்ஙன நான் நிப்பேன். நிப்போம், பேசுவோம், போயிருவோம். வேற வீடு ஒண்ணும் எங்களுக்குக் கெடையாது."

அவள் சுற்றிலும் பார்த்தாள். கண்ணாடியை, விளக்கை, ஓடுகிற கூட்டத்தை. பார்த்துக்கொண்டே இருந்தவள் முகம் மாறியது. தேம்பினாள் என்றால் சாதாரணத் தேம்பல் இல்லை. மூன்று வயதில் நாம் விட்டுவிட்டு வந்தபோது வாசலில் அழுதாளே, அந்த அழுகை.

"இதத்தானம்மா வீடியோ கால்ல பாப்பேன்" என்றாள். "எப்ப கூப்புட்டாலும் உங்க பின்னாடி இந்த லைட்டு, இந்தக் கண்ணாடி. ஜோரா வெளிய சுத்திட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய்க் கூப்புடுறோம்னு அப்பா சொல்வாங்க, கூப்புடவே மாட்டாங்க. நான்தான் உங்களுக்கு இடைஞ்சல், அதான் ஊர்ல போட்டுட்டுப் போய்ட்டீங்கன்னு நெனச்சேன்."

அவள் நிறுத்தவில்லை.

"கடைசில அப்பா கூப்புட்டா நான் போனுக்கே வரமாட்டேன். அத்தைட்ட 'படிச்சிட்டிருக்கேன்னு சொல்லுங்க'ன்னு சொல்லிருவேன். பக்கத்துலயே உக்காந்திருப்பேம்மா. அப்பா பேசுறது கேக்கும்."

அத்தான், இதை உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். "எம்மவ படிக்கா, போனுக்குக்கூட வரமாட்டேங்கா" என்று முருகேசன் அண்ணனிடம் எத்தனை தரம் பெருமையடித்திருப்பீர்கள்! பிள்ளை ஏங்கக்கூடாது, அப்பனும் அம்மையும் நல்லா இருக்காவ என்று நினைக்கட்டும் என்று நீங்கள் சொன்ன பொய். அந்தப் பொய்தான் கடைசியில் அவள் குரலை உங்களுக்குக் கிடைக்காமல் பண்ணிவிட்டது. உங்கள்மேல் கோபப்படவா, உங்களுக்காக அழவா? நீங்களே சொல்லுங்கள்.

அழுது ஓய்ந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா சரியா எந்த எடத்துல எறங்குவாங்க?" என்று கேட்டாள். காட்டினேன். அங்கே போய் நின்றாள். ஒரு சிவப்புக் கோட்டு ரயில் வந்து, இறங்கினவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். ஒதுங்காமல் நின்றாள்.

திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏர்போர்ட்டில் பட்ட கை இல்லை இது. இறுக்கிப் பிடித்த கை.

"ம்மா, நான் ஷார்ஜால ஹாஸ்டல்ல, நீ கிசைஸ்ல. ரெண்டு பேருக்கும் மத்தவங்களோட இருக்குற ரூமு. இனிமே வாராவாரம் நாம இங்ஙனயே பாத்துக்கிடுவோமா?"

பாசத்தோடுதான் கேட்டாள். ஆனால் "வேண்டாம்" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த இடத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அத்தான். நமக்கு நிழல் கொடுத்தது. ஆனால் இங்கே நின்று நின்றே நம் ஆயுசு போய்விட்டது. நீங்கள் ஒருநாள்கூட என் முன்னால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை இந்த ஊரில். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைக்க அடுத்த டூட்டி மாறும்வரை காத்திருந்தேன். அதையே நம் பிள்ளைக்கும் பழக்க என்னால் முடியாது.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். கிளினிக்கில் சொல்லிவிட்டேன், இனி வெளியே தங்கிக்கொள்கிறேன் என்று. ஷார்ஜாவில், அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர்தான் தெரிகிறது. அடுப்பு வைக்கிற இடத்தில் ஒருத்தி நின்றால் இன்னொருத்தி வெளியே வர வேண்டும். இருக்கட்டும். தாழ்ப்பாள் இருக்கிறது. நானும் அவளும் சம்பாதிக்கிறோம், தாக்குப்பிடித்துவிடுவோம்.

உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. உங்கள் மகளை இனிமேல் எந்த ஸ்டேஷனிலும் நின்றுகொண்டு பார்க்க மாட்டேன். டூட்டி முடிந்து அவள் வந்து கதவைத் தட்டுவாள். நான் உள்ளேயிருந்து, "இவ்வளவு நேரம் எங்கட்டி போன?" என்று ஏசிக்கொண்டே போய்த் திறப்பேன். ஒரு தரமாவது அப்படி ஏச வேண்டும் என்று எத்தனை வருஷமாக ஏங்கியிருக்கிறேன் தெரியுமா? அது உங்களை ஏச ஏங்கியது, அத்தான். அவளை ஏசித் தீர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களை ஒரு நாளும் கதவைத் திறந்து உள்ளே அழைக்கக் கொடுத்துவைக்காத
உங்கள் வீட்டுக்காரி,
அமலி