உம் கொட்டியவள்

பிப்ரவரி 18, செவ்வாய்

சிதம்பரம் வந்து சேர்ந்த பிறகும் மனம் அந்தச் சமுதாயக்கூடத்திலேயே நிற்கிறது. கழிமுகத்தில் யார் மீன் பிடிப்பது என்ற சண்டையில், இருளர் குடியிருப்புக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. கதை கேட்கவாவது இரு பக்கத்துப் பெண்களும் ஒன்றாக உட்காரட்டும் என்று ஆறு மாதம் அலைந்தேன். இன்று உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு பாய் அகலம் இடம் விட்டு.

இருளர் பெண் கன்னியம்மா ஏழு கன்னிமார் கதையை ஆரம்பித்தார். கன்னிமார் அலையோடு கரையேறும் இடத்தில், குப்பத்துச் செல்வி தன்னையறியாமல் "உம்" என்றாள். கன்னியம்மா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து சொன்னார். மறுபடியும் "உம்". எனக்கோ, போனில் ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவு கெடுகிறதே என்ற கவலை. உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றேன்.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியம்மா இன்னும் இரண்டு வரி சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"உம் கொட்ட ஆளில்லாம யாருக்கும்மா கத சொல்றது? செவுத்துக்கா?"

"பதிவு நல்லா வரணும்னுதான்..."

"அப்ப அந்த மிசினயே உம் கொட்டச் சொல்லு."

எழுந்து போய்விட்டார். செல்வியும் செருப்பைத் தேடினாள். இனி எந்த முகத்தோடு இவர்களைக் கூப்பிடுவேன்? கூப்பிட்டாலும்...

இப்போது போனில் போட்டுக் கேட்டேன். பதிவு சுத்தமாக வந்திருக்கிறது. தூரத்தில் செல்வியின் "உம்", இரண்டு தடவை. எல்லாவற்றையும் விடச் சத்தமாக, என் "உஷ்".