எப்போதும் மின்சாரம் உண்டு என்று நான் எழுதிய வரி

நீ மின்சாரம் அளக்கிற மீட்டரின் உறையை இன்று திறந்தேன். குப்பென்று கராம்பு வாசம் அடித்தது. பலாபத்வலையில் உங்கள் வீட்டு மேல்மாடியில் கராம்பு காயவைத்த நாட்களில் அதையும் அங்கேயே வைத்திருப்பாய் போலும். “இது ஒங்கட கடச் சாமான்தானே மகள், நீங்களே எடுத்துக்கோங்க” என்று உன் உம்மா தந்தபோது, திறந்துகூடப் பார்க்காமல் அலமாரியில் போட்டுவிட்டேன். ஏழு மாதம் ஆகிவிட்டது. நம் பழைய சண்டையை முடித்தே தீருவது என்றுதான் இன்று எடுத்தேன்.

எந்தச் சண்டை என்று உனக்கு மறந்திருக்காது. ரிவர்ஸ்டன் போகிற வழியில் எங்கள் தோட்டத்து மலைமேல் நாம் வைத்த மழைமானி. மழை கூடினால் கீழே லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்களின் போனுக்குச் செய்தி போக வேண்டும், அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். அதற்காக, நாம் இருவரும் நடத்திய ரிப்பேர் கடையில் கிடந்த ஒரு மலிவுச் சின்னப் போர்டை எடுத்தோம். லினக்ஸ் ஒழுங்காக ஏறியது. யூஎஸ்பி மட்டும் வேலை செய்யவில்லை. செய்தி அனுப்பச் செருகிய மோடத்தின் விளக்கு எரிந்தது, ஆனால் அப்படி ஒரு சாமான் இருப்பதே லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் தெரியவில்லை.

செருகுகிற சாமான் தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ளும். சிப்புக்குள் உட்கார்ந்திருக்கிற யூஎஸ்பி கண்ட்ரோலர் அப்படிச் சொல்லாது. லயத்துக் காம்பராக்களுக்கு விலாசம் இல்லாததால், யாராவது காட்டிக் கொடுத்தால்தானே புதுத் தபால்காரர் எங்கள் வாசலுக்கு வருவார்? இதுவும் அதே கதைதான். கண்ட்ரோலர் எந்த முகவரியில் இருக்கிறது, எந்தக் கம்பி வழியாகக் கூப்பிடும், எந்தக் கடிகாரத் துடிப்பில் ஓடும், செருகும் வாய்க்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கோப்பில் நாம் எழுதிவைக்க வேண்டும். கெர்னலின் டிரைவர் நிரல் அதைப் படித்து, எழுதியதை அப்படியே நம்பும்.

முதல் மூன்றையும் நீ சிப்பின் கையேட்டில் விரல் வைத்துத் தேடி எடுத்தாய். நான்காவது அதில் இல்லை. போர்டைச் செய்தவர்களோ வரைபடம் எதுவும் தரவில்லை. எனக்குத்தான் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாதே! வேறொரு போர்டின் கோப்பிலிருந்து, மின்சாரம் எப்போதும் உண்டு என்கிற வரியை எடுத்து ஒட்டினேன். மோடம் ஓடியது. நான் குதித்த குதியில் பக்கத்துக் கடை அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“இத எங்க பாத்து எழுதின?” என்று கேட்டாய்.

“ஓடுதுல்ல? பொறகென்ன?”

“ஓடுறது வேற புள்ள. போர்டுல என்னா ஈக்கோ அத எழுதணும். ரெண்டு நாள் தா, மீட்டர வச்சித் தேடிப் பாப்போம்.”

“ஒனக்கு எதுலயும் ஒரு நொட்ட. மழக்காலம் வருதுன்னு தெரியும்ல?”

எங்கெங்கோ நாடுகளில் இருப்பவர்கள் படித்துத் திருத்துகிற கெர்னல் அஞ்சல் பட்டியலுக்குக் கோப்பை அனுப்பினேன். எழுதியவர்கள் அடியில் பெயர் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நீ பெயர் போட மாட்டேன் என்றுவிட்டாய். மூன்று நாள் உன்னோடு நான் பேசவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஈயக்கம்பி வேண்டுமென்றால் கையை மட்டும் நீட்டுவேன். நீயும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துத் தருவாய். கடைசியில் என் பெயரோடு மட்டும் அது ஏற்கப்பட்டது.

அந்த ஐப்பசியில் மோடம் நடுமழையில் சிக்கி நின்றுவிட்டது. செய்தி வராததால், பயப்படும்படி மழை இல்லை என்று லயத்தில் எல்லோரும் படுத்திருந்தார்கள். விடிகிற நேரத்தில் மேட்டு மண் சரிந்து என் அத்தை வீட்டுக் குசினிச் சுவரைத் தள்ளியது. அத்தை தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார்.

மறுநாள் நாம் இருவரும் மேலே ஏறினோம். போர்டை எத்தனை தடவை மறுபடி ஓடவிட்டும் மோடம் அசையவில்லை. கையால் கழற்றி மாட்டியதும் உயிர் வந்தது. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, “மழ இல்லங்கிறது வேற புள்ள, மழ பெய்றது நமக்குத் தெரியாதுங்கிறது வேற. கீழ ஈக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒன்னாப் போச்சி” என்றாய்.

அதற்குப் பிறகு மோடம் நிற்கிற போதெல்லாம் முறை வைத்து ஏறினோம். மேடு ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கும்தானே என்று நான் நினைத்துக்கொண்டேன். நீ மௌத்தானபோது, இதயம் நின்றுவிட்டது என்றார்கள். உன்னை அந்த மலையில் ஏறவைத்தது என் வரிதான் என்று உன் உம்மாவின் கையைப் பிடித்து அழுதேன். “அல்லாஹ்ட நாட்டம் மகள், அப்பிடிச் சொல்லாதீங்க” என்றார். எனக்கு அது போதவில்லை, இன்றும் போதவில்லை.

காலையிலிருந்து நீ கேட்ட அந்த வேலையைச் செய்தேன். மீட்டரின் ஒரு முனையைச் செருகும் வாயில் வைத்து, மற்றதால் ஒவ்வொரு தடமாகத் தொட்டுப் போனேன். கடுகளவு ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போடவும் அணைக்கவும் சிப்பின் கால்களில் ஒன்றிலிருந்து ஒரு தடம் வருகிறது. போர்டு விழிக்கும்போதே சுவிட்ச் போட்டபடி வருவதால்தான் என் பொய் இத்தனை காலம் ஓடியிருக்கிறது. சுவிட்ச் இல்லை என்று நான் எழுதிவைத்ததை நம்பிய கெர்னல், அதை அணைத்துப் போட்டுப் பார்க்கவே இல்லை. இரண்டே நாள் கேட்டாய். அரை நாளில் முடிந்துவிட்டது, பாவி நான்.

வரியைத் திருத்தி, போர்டை மேசையில் வைத்து மோடத்தை வேண்டுமென்றே சிக்கவைத்தேன். கெர்னல் தானே மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தது. மோடம் எழுந்தது. பத்துத் தடவை செய்தேன், பத்துத் தடவையும் எழுந்தது. நாளைக்கே இதை மலையில் ஏற்றிவிடுவேன், மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

முன்பு பார்க்காமல் எழுதியது என் தவறு என்று சொல்லி, திருத்தத்தைப் பட்டியலுக்கு அனுப்பினேன். தவறைச் சுட்டிக்காட்டியவர் என்ற இடத்தில் உன் பெயர். உன் உம்மாவிடம் கேட்டுத்தான் போட்டேன். சற்று முன் பதில் வந்தது. திருத்தம் நன்றாக இருக்கிறதாம். சுட்டிக்காட்டியவரும் சோதித்துப் பார்த்தாரா என்று கேட்டு, பார்த்திருந்தால் சோதித்தவர் என்றும் அவர் பெயரைச் சேர்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

அனுப்பவிருந்த பதிலில் சேர்த்தேன். என் ஆசை அது. அந்த வரியில் உன் பெயரைப் பார்க்க, நீ எதிர்நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு, உள்ளதை எழுதினேன்: “இல்லை. அவர் உயிரோடு இல்லை. சோதித்தது நான் மட்டும்.”