ஊத்துக் குழாயும் சோப்பு நுரையும்

ஐப்பசி 9, திங்கள்

விடியலிலிருந்து சாரல். ஊத்துக்குப் போய்க் குழாய் வாயை அடைத்திருந்த இலையை அள்ளிப் போட்டேன். பத்து வருசமாக இதே வேலை. பல்கலைக்கழகத்துக் காடு, அதற்குள் ஊத்து, அதிலிருந்து கூப்பிடு தூரத்துக் கெஸ்ட் ஹவுசுக்கு நேர்க்குழாய். நடுவில் தொட்டி கிடையாது.

எஸ்டேட் ஆபீசர் கூப்பிட்டார். முகத்தில் அரை டப்பா பவுடர். இனி இவரை ப. என்று எழுதினால் போதும்.

"செல்லம்மா, வேலையாளுங்க லிஸ்ட்டு. கையெழுத்துப் போடு."

போட்டேன். இங்கிலீஷில் இருந்ததால் படிக்கவில்லை. நாலாங்கிளாஸ் கையெழுத்து. அழகாகத்தான் விழுந்தது.

வாங்க: உப்பு, வெற்றிலை, டார்ச் பேட்டரி.

ஐப்பசி 10, செவ்வாய்

வெயில். ஆபீசைக் கூட்டும்போது டைப் அடிக்கும் சுமதி காதோரம் வந்தாள்.

"ஏனுங்கக்கா, அது லிஸ்ட்டு இல்லீங்க. காட்டுக்குள்ள தண்ணியே இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி காகிதம்."

தண்ணீர் இல்லையென்றால் வெறும் புதராம். வெட்டிவிட்டுக் கட்டடம் கட்டலாமாம். நாளைக்குக் காட்டைப் பார்த்து அனுமதி தர மேலிடத்திலிருந்து ஒரு மேடம் வருகிறார். பலா, நாவல், ஊத்து எல்லாம் போய்விடும். என் கையெழுத்தால்.

அழுகை வரவில்லை. சிரித்தேன். சுமதி பயந்துவிட்டாள்.

ப.வுக்கு என்ன செய்யலாம்:
1. துண்டில் செந்தட்டித் தழை. நாள் முழுக்கச் சொறியட்டும்.
2. பவுடர் டப்பாவில் கோலமாவு.
3. யோசிக்கணும்.

ஐப்பசி 11, புதன்

மேடத்தைக் காட்டோரத்திலேயே நிறுத்தி ப. காகிதத்தை நீட்டினார். "தினம் உள்ள போயிட்டு வர்ற பொம்பளையே எழுதிக் குடுத்திருக்காங்க, மேடம்."

நான் வாய் திறப்பதற்குள், "போய் டீ கொண்டா."

மேடம் ராத்திரி கெஸ்ட் ஹவுசில் தங்குகிறார்; ப. குடியிருப்பதும் அங்கேதான். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குவாராம். நான் சொன்னால் நம்புவாரா? என் எழுத்தே எனக்கு எதிராக நிற்கிறது.

டீயை உறிஞ்சிவிட்டு ப. சொல்கிறார்: "மலைத்தண்ணி, மேடம். ருசியே தனி."

மூன்றாவது யோசனை அப்போது வந்தது.

ஐப்பசி 12, வியாழன்

பனி. ஏழு மணி, ப. குளிக்கும் நேரம். பாட்டு ஊத்து வரை கேட்கும். ஊத்து மேட்டிலிருந்து பார்க்கிறேன்: கெஸ்ட் ஹவுஸ் வாசலில் மேடம், மடியில் காகிதம், கையில் பேனா.

சோப்புப் போடட்டும் என்று இரண்டு அடி பாட்டு விட்டேன். பிறகு குழாயைப் பிடுங்கினேன். பாட்டு நின்றது.

பாத்ரூம் ஜன்னலிலிருந்து கத்தல்: "ஏய் செல்லம்மா! ஊத்துல குழாய் கழண்டுக்கிச்சா பாரு!"

மேடம் எழுந்துவிட்டார். "எந்த ஊத்து?"

"தண்ணி இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்ட ஊத்துங்க, அம்மா! மேல வாங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

வந்தார். குனிந்து இரண்டு கை அள்ளிக் குடித்தார். போட்டோ எடுத்தார். காகிதத்தை என்னிடம் நீட்டி, என் பெயரை அடிக்கச் சொன்னார். கிழியக் கிழிய அடித்தேன். அவர் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

கீழே: "செல்லம்மா! கண்ணு எரியுது!"

"வாரேன் சாமி!"

உட்கார்ந்து, ஒரு வெற்றிலையைத் துடைத்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவினேன்.